பாண்டியில் நான் பேசாமல் இருந்த இரண்டு நாள்

நேற்று சுமதி வந்து உன் பீரோவை ஒழுங்கு செய்தாள். மேல்தட்டிலிருந்த பழுப்புக் கைப்பையை இறக்கி ஜிப்பைத் திறந்ததும் அறை முழுக்க ஊதுபத்தி வாசனை. பாண்டிச்சேரியில் நீ வாங்கிய பாக்கெட், பிரிக்காமலே கிடந்தது. "இன்னாப்பா இது, அம்மா கொளுத்தவே இல்லியா?" என்று நம் மகள் கேட்டாள். வடசென்னைக் காலடிப்பேட்டையின் மத்தியான வேளை. லாரிப் புகையும் கருவாட்டு வாசனையும் ஜன்னல் வழியே வழக்கம்போல வந்துகொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவே அந்த ஊதுபத்தி மட்டும் வேற்றூர் ஆளைப்போல நின்றது.

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. அந்த இரண்டு நாளைப் பற்றி உன்னிடம் கேட்காமல் விட்டதை இப்போது எழுதிப் பார்க்கிறேன். எழுதினால் விளங்குமா என்று தெரியவில்லை.

நமக்குக் கல்யாணமாகி முப்பது வருஷம் ஆனதற்கு சுமதியும் மாப்பிள்ளையும் பாண்டிச்சேரியில் அறை ஏற்பாடு செய்திருந்தார்கள். சனி, ஞாயிறு. நாம் இருவர் மட்டும் தனியாகப் போன முதல் ஊர். திருப்பதிக்குப் போனாலும் என் அம்மா, தம்பி குடும்பம் என்று பன்னிரண்டு பேர் வேன் பிடித்துப் போவதுதான் நம் வழக்கம். விடியற்காலை பஸ்ஸில் ஏறியதிலிருந்து நான் பேசிக்கொண்டே வந்தேன். மரக்காணத்து உப்பளம் வந்தபோது நீ அதைக் காட்டி ஏதோ சொல்ல வாயைத் திறந்தாய். நான் துறைமுகத்தில் உப்பு மூட்டை ஏற்றிய ஒரு கப்பலின் கதையைத் தொடங்கினேன். நீ மறுபடியும் ஜன்னலைப் பார்த்தாய். இதை அன்று நான் கவனிக்கவில்லை. இப்போதுதான் ஞாபகம் வருகிறது. இல்லை, இப்போது நானாக இட்டுக்கட்டுகிறேனோ என்னவோ.

என் வேலை அப்படி. கப்பல் மேல்தளத்தில் நின்றுகொண்டு, கீழே சரக்குக் கட்டுபவர்களுக்கும் மேலே கிரேன் ஓட்டுபவருக்கும் நடுவே முப்பத்திரண்டு வருஷம் கத்தினேன். வீட்டிலும் அதே குரல்தான். தெருவில் எல்லோருக்கும் தெரியும். உன் குரலைத்தான் பக்கத்து வீட்டுக்காரர்கள் கூட அதிகம் கேட்டதில்லை.

லாட்ஜில் இறங்கியதும் டிபன் சாப்பிடப் போனோம். எதிர் மேசையில் நம் வயதொத்த ஒரு தம்பதி. சேலத்துக்காரர்கள். அந்த அம்மாளின் பெயர் செல்வி, வீட்டுக்காரர் டெய்லர். நான் கைகழுவிவிட்டுத் திரும்பியபோது நீயும் செல்வியும் பேசத் தொடங்கியிருந்தீர்கள். செல்வி என்னை இரக்கமாகப் பார்த்து, கையால் சைகை காட்டி, உட்காருங்கள், சாப்பிடுங்கள் என்றார். நான் வாயைத் திறக்கப் போனேன். மேசைக்கு அடியில் நீ என் காலை அழுத்தி மிதித்தாய். பிறவியிலேயே பேச்சு இல்லையா என்று செல்வி உன்னிடம் கேட்டார்.

"பொறவியிலேர்ந்து இல்லிங்க. தொண்டைல ஒரு ஆபரேசன் பண்ணாங்க. அப்போலேர்ந்து பேச்சு இல்ல" என்றாய், இட்லியைப் பிட்டுக்கொண்டே.

எனக்கு எந்த ஆபரேஷனும் நடந்ததில்லை. முப்பது வருஷத்தில் நீ ஒரு பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. அதுவும் இவ்வளவு நிதானமாக. விளையாட்டு என்று நினைத்துச் சிரிக்கப் பார்த்தேன். உன் முகத்தில் சிரிப்பு இல்லை. கோபமும் இல்லை. பேசாமல் சாப்பிட்டேன்.

அறைக்கு வந்ததும் கதவைச் சாத்திவிட்டு, "இன்னாமே இது?" என்றேன்.

"ரெண்டு நாளு. ரெண்டே நாளு கம்முனு இருயா."

"எதுக்கு?"

புடவையை மாற்றிக்கொண்டு, செல்வி காத்திருப்பார் என்று கிளம்பிவிட்டாய். நான் ஏன் ஒத்துக்கொண்டேன் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். குழப்பத்தில்தான். கோபப்படவும் ஒரு காரணம் தெரிந்திருக்க வேண்டுமே.

அன்று சாயங்காலம் கடற்கரைச் சாலையில் நாலு பேரும் நடந்தோம். முன்னால் நீயும் செல்வியும். ஓரடி பின்னால் நானும் டெய்லரும். நீ பேசினாய். நம் தெருவில் வெள்ளம் புகுந்தபோது பரணில் அடுப்பு வைத்துச் சமைத்ததைச் சொன்னாய். சுமதி பிறந்த ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் இருந்தவளைச் சொன்னாய். எனக்குத் தெரிந்த சம்பவங்கள்தான். ஆனால் நான் சொன்னால் வருகிற கதை அது இல்லை. ஆட்கள் எல்லாம் வேறு ஆட்களாக இருந்தார்கள். அதில் நானும் இருந்தேன், ஓரமாக.

பிறகு நீ வண்ணாரப்பேட்டை எக்ஸ்போர்ட் கம்பெனியைப் பற்றிச் சொன்னாய். அங்கே நீ தையல் மெஷினில் உட்கார்ந்த காலத்தில் உன்னை சூப்பர்வைசராக எடுப்பதாகக் கூப்பிட்டுச் சொன்னார்களாம். அறுபது பேரை மேற்பார்க்கிற வேலை. யோசித்துச் சொல்ல மூன்று நாள் கொடுத்தார்களாம்.

"இவராண்ட சொல்லிட்டு ஒத்துக்கலாம்னு வந்தேன். அப்போ இவருக்கு நல்ல குரலுங்க. தெருமுனைல பேசுனா வூட்ல கேக்கும். அன்னிக்கு ஹார்பர்ல ஏதோ ஸ்ட்ரைக்கு. அதையே சொல்லிகினு இருந்தாரு. மறுநாளும் அதான். மூணாம் நாளும் அதான். நாலாம் நாளு நானே போயி வேணாம்னுட்டேன்."

செல்வி நின்றுவிட்டார். என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கடலைப் பார்த்தேன். பேச முடிந்திருந்தாலும் அப்போது என்ன சொல்லியிருப்பேன்?

கொஞ்சதூரம் போனபிறகு செல்வி உன்னைக் கேட்டார்: "இப்ப அந்தக் குரலே இல்லாமப் போயிடுச்சேங்க்கா, உங்களுக்கு எப்படி இருக்குது?"

"அந்தக் குரலு புடிச்சுத்தான் இவரைக் கட்டிகினேன்" என்றாய்.

அதுதான் என்னைப் புரட்டிப் போட்டது. வேலை விஷயம் ஒரு அடி என்றால், அதைத் தாங்கிக்கொண்டு நிற்கும்போதே இது. பிடித்த குரலை ஏன் மூடச் சொன்னாய்? மூடச் சொன்னவள் ஏன் அதைப் பிடித்தது என்றாய்? அறைக்குத் திரும்பி நீ நிம்மதியாகத் தூங்கினாய். வேறு யாரும் இல்லாத அந்த அறையிலும் நான் உன்னை எழுப்பிக் கேட்கவில்லை.

ஞாயிறு காலை நாலு பேரும் பிள்ளையார் கோயிலுக்குக் கிளம்பினோம். தெருவைக் கடக்கும்போது நீ செல்வியிடம் பேசியபடியே இறங்கிவிட்டாய். ஒரு பைக் வளைவில் திரும்பி நேராக வந்தது. நான் உன் பெயரைச் சொல்லிக் கத்தினேன். கப்பல் தளத்தில் கத்துகிற கத்தல். பைக் ஓட்டியவன் பிரேக் போட்டுச் சறுக்கி நின்றான். புறா எல்லாம் பறந்தது. நீ அப்படியே நின்றாய்.

டெய்லர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். செல்வி கையைத் தலைக்குமேல் கூப்பி, "பேச்சு வந்துருச்சு, அண்ணனுக்குப் பேச்சு வந்துருச்சு" என்று அழத் தொடங்கினார். சுற்றிலும் ஆட்கள் கூடினார்கள். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. உன்னைப் பார்த்தேன். நீயும் அழுதுகொண்டிருந்தாய். தேம்பித் தேம்பி. அது செல்வி நம்புவதற்காக அழுத அழுகையா, பயமா, நிஜமாகவே எனக்குக் குரல் திரும்பியது என்று ஒரு நிமிஷம் நம்பிவிட்டாயா? செல்வி வாங்கிக் கொடுத்த தேங்காயை நான்தான் உடைத்தேன். உடைக்கும்போது பிள்ளையாரைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

ஏன் இப்படிச் செய்தாய் என்று திரும்பி வரும் பஸ்ஸில் கேட்டேன். "வூட்டாண்ட போயி பேசிக்கலாம்" என்றாய். வீட்டுக்கு வந்தோம். குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. நீ குடங்களை எடுத்துக்கொண்டு போய்விட்டாய்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் நான் பேச்சைக் குறைத்துப் பார்த்தேன். நீ சொல்லட்டும் என்று காத்திருந்தேன். மூன்றாம் நாள் மிளகு தட்டிப்போட்ட வெந்நீரைக் கொண்டுவந்து வைத்து, தொண்டை சரியில்லையா என்று கேட்டாய். விளையாட்டாகக் கேட்டாயா, நிஜமாகவா என்று அதையும் நான் கண்டுபிடிக்கவில்லை. குடித்தேன். பழையபடி பேசத் தொடங்கினேன். சூப்பர்வைசர் விஷயத்தைக் கேட்க வேண்டும், கேட்க வேண்டும் என்றே நாலு மாதம் ஓடிப்போயிற்று. ஒருநாள் காலை மார்வலி என்று உட்கார்ந்தாய். ஆம்புலன்ஸ் மேம்பாலம் ஏறுவதற்குள் முடிந்துவிட்டது.

சுமதி போனபிறகு நேற்று சாயங்காலம் உன் செல்போனை எடுத்து, "சேலம் செல்வி" என்று நீ போட்டுவைத்திருந்த நம்பருக்கு அடித்தேன். நீ போன செய்தி அவருக்குத் தெரியாது. சொன்னேன். பிறகு நான் மன்னிப்புக் கேட்டேன், எனக்கு ஆபரேஷன் எதுவும் நடக்கவில்லை, உங்களை ஏமாற்றிவிட்டோம் என்று.

"எனக்கு அன்னிக்கே தெரியுங்கண்ணா. கோயில்ல பிரகாரம் சுத்தறப்ப அக்கா சொல்லிட்டாங்க."

ஏன் அப்படிச் செய்தாள் என்று சொன்னாளா என்று கேட்டேன்.

"கேட்டேனுங்க. அவரு நான் சொல்றதைக் கேக்கற ஆளா இருந்தா எப்படி இருக்கும்னு பாக்கணும்னு தோணுச்சுன்னாங்க. சரி, நல்லா இருந்துச்சான்னேன். ஒரு நாளு நல்லா இருந்துச்சாம். ரெண்டாம் நாளு பயமா இருந்துச்சாம்."

எதற்குப் பயம் என்று அவர் கேட்கவில்லையாம். அதற்குள் தீபாராதனைக்கு மணி அடித்துவிட்டார்களாம்.

இவ்வளவுதான் எனக்குக் கிடைத்தது. நேற்றிலிருந்து இதையே திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். நான் எப்படி இருந்திருக்க வேண்டும்? பேசியபோது உனக்கு இடமில்லை. பேசாதபோது உனக்குப் பயம். உன்னையே கேட்டிருக்கலாம் என்பது மட்டும்தான் தெளிவாக இருக்கிறது. முப்பது வருஷமும் ஒரே வீட்டில்தான் இருந்தாய்.

சுமதி தினமும் வேலை முடிந்து வரும்போது போன் செய்கிறாள். ஆபீஸில் யாரோ ஒருத்தி, பிள்ளைக்குச் சளி, மாமியார் சொன்னது என்று தொடங்குவாள். எனக்கு நாக்கு நுனியில் ஒரு கதை வந்து நிற்கும். நிறுத்திக்கொள்கிறேன். கொஞ்சநேரம் கழித்து அவளுக்குச் சந்தேகம் வந்துவிடும். "அப்பா, லைன்ல கீறியா?" என்பாள். அந்தக் குரலிலும் லேசாக ஒரு பயம் இருக்கிறது.

"கீறேம்மா. நீ சொல்லு" என்கிறேன்.