கடைசிப் பக்கம் இல்லாத மாயக்கதை

1931 ஆகஸ்ட், ஞாயிறு இரவு

மாயக்கதைப் புத்தகங்களை மாற்றிப் படிக்கும் எங்களில் யாரும் முடிவைச் சொல்வதில்லை. துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி அந்தோணி அண்ணன் மட்டும் போன வாரம் ஒரு புத்தகத்தைக் கொடுக்கும்போதே சொல்லிவிட்டார்.

"கட்டாயம் படி லா, தம்பி. கல்லாப் போன ராணி கடைசியில எழுந்து வந்து, சாப்டீங்களான்னு ராஜாகிட்ட கேக்குறா."

இன்று படித்து முடித்தேன். ராணி கல்லாகவே நிற்கிறாள். அதற்கு மேல் பக்கங்கள் இல்லை. மாலையில் அவர் வீட்டுக்குப் போனேன்.

"அண்ணே, கடைசிப் பக்கமே காணோமே."

"எனக்கு வந்தப்பவே அப்படித்தான், தம்பி."

பக்கவாதத்தில் பேச்சிழந்து கிடக்கும் மனைவிக்குக் கஞ்சி கொடுக்க எழுந்து போய்விட்டார்.

நாளை புத்தகம் பாகான் டாலாம் ஊரில் இருக்கும் சவரிமுத்துவிடம் போகிறது. பக்கங்கள் குறைவதைச் சொல்லவேண்டும். ராணி என்ன கேட்டாள் என்பதையும் சொல்லிவிடுவேன்.