அர்த்தம் மாற்றிச் சொன்னவனுக்கு

அண்ணா,

இன்று காலை கல்யாணப் புடவை எடுக்கச் சென்னையிலிருந்து ஒரு குடும்பம் கடைக்கு வந்தது. அரக்கு உடலும் மாம்பழ மஞ்சள் கரையுமாக ஒரு பட்டுப்புடவையை விரித்துப் போட்டேன். மணப்பெண் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, “எக்ஸ்ட்ராடினரி!” என்றாள். நான் சிரித்தேன். மேசைக்குக் கீழே என் இடது கை தானாக விரல்களை மடக்கத் தொடங்கிவிட்டது. ஈ, ஏ, ஓ, ஐ. கட்டைவிரல் மட்டும் நீட்டிக்கொண்டு நின்றது. யூ இல்லை. நீ இருந்திருந்தால், “ஒண்ணு கொறையுது, தள்ளு” என்றிருப்பாய்.

நீ போன பிறகும் என் கையை விடவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். பாசத்தில் எழுதுவதாக எண்ணிக்கொள்ளாதே.

ஆங்கிலத்தின் ஐந்து உயிரெழுத்துகளும் ஒரே சொல்லுக்குள் அடங்க வேண்டும். அதுதான் உன் பைத்தியம். வக்கீல் ஆபீசில் டைப் அடிக்கப் போன நாளிலிருந்து அது உன்னைப் பிடித்துக்கொண்டது. எஜுகேஷன், பிஹேவியர், ரெபுடேஷன் எல்லாம் உனக்குச் சில்லறைச் சொற்கள். நீளம் வேண்டும். ‘இன்சபார்டினேட்’ என்றால் மேலே இருப்பவர்களுக்கு அடங்காதவள். அதை எனக்குக் கொடுத்தாய். ‘அன்கொஸ்டியனபிள்’ என்றால் யாரும் கேள்வி கேட்க முடியாதது. அதை உனக்கு வைத்துக்கொண்டாய். சாப்பாட்டுக்கு உட்காரும்போது ஒரு சொல்லை வீசுவாய். அப்பாவும் நானும் விரலை மடக்கி எண்ண வேண்டும். தறியில் அத்தனை இழைகளை எண்ணிப் பழகிய அப்பா, உன் ஐந்து எழுத்தில் தடுமாறும்போது உன் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பு எனக்கு அப்போதே பிடிக்காது.

எட்டாவது படிக்கும்போது உன் சிநேகிதர்களுக்கு நான் டீ கொண்டுவந்தேன். “ஹவுஸ்மெய்ட்!” என்றாய். அவர்கள் சிரித்தார்கள். நான் எண்ணிப் பார்த்தேன், ஐந்தும் இருந்தன. அர்த்தம் கேட்டேன். “வூட்டுக்கு மகாராணி” என்றாய். மறுநாள் வகுப்பில் பெரியவளாகி என்ன ஆகப்போகிறாய் என்று டீச்சர் கேட்டபோது, எழுந்து நின்று அந்தச் சொல்லைச் சொன்னேன். டீச்சரே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். வேலைக்காரி என்று அர்த்தம் சொன்னது பக்கத்தில் இருந்தவள். வீட்டுக்கு வந்து உன்னிடம் கத்தினேன். நீ தலையைக்கூடத் தூக்கவில்லை.

“அர்த்தம் தெரிஞ்சி நீ இன்னா பண்ணப் போற?” என்றாய்.

அதை விளையாட்டு என்று விட்டிருப்பேன். அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்க்காமல் இருந்திருந்தால்.

இருமலில் ஆரம்பித்தது. பிறகு மூச்சு வாங்கியது. அம்மா இல்லாத வீட்டில் அவருக்கு நாம் இரண்டு பேர்தான். ஆஸ்பத்திரியில் டாக்டர் உன்னைத்தான் வெளியே கூப்பிட்டுப் பேசினார், உனக்குத்தான் இங்கிலீஷ் வரும் என்று. நான் நாலடி தள்ளி ஃபிளாஸ்க்கோடு நின்றேன். ‘பேலியேட்டிவ்’ என்ற ஒரு சொல் மட்டும் காதில் விழுந்தது.

“அதுக்கு இன்னாண்ணா அர்த்தம்?”

“வலி கொறையும்னு அர்த்தம். நல்ல வார்த்ததான்.”

உள்ளே போனதும் அப்பா கேட்டார். “அவ்ளோ நேரம் பேசிகினு இருந்தியே, டாக்டரு இன்னா சொன்னாரு?”

“நிமோனியாப்பா. முன்னாடி ஒரு ‘பி’ இருக்குது, அதைச் சொல்லக் கூடாது. எண்ணிப் பாரு, அஞ்சும் இருக்கும்.”

மூச்சுக் குழாய் மூக்கில் இருக்க, அவர் விரலை மடக்கி எண்ணினார். நீ எழுத்துகளை எடுத்துக் கொடுத்தாய். ஐந்தும் வந்ததும் குழந்தை மாதிரி அவருக்குச் சந்தோஷம். எனக்கும் சந்தோஷம்தான். வீட்டுக்குப் போகப்போகிறோம் என்று நம்பியவள் நான்.

அன்று சாயங்காலம்தான் அவர் அத்தையின் பேச்சை எடுத்தார். உன் கல்யாணப் பத்திரிகையை நேரில் வந்து வைக்காமல் ஆளிடம் கொடுத்தனுப்பினார் என்று அத்தை கோபித்துக்கொண்டவள். முள்ளிப்பட்டிலிருந்து ஆரணிக்கு வந்துபோகிறவள்தான், நம் தெருப் பக்கம் மட்டும் திரும்பியதில்லை. அப்பாவும் பிடிவாதக்காரர். அவர் வாயிலிருந்து அவள் பேர் வந்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

“முள்ளிப்பட்டுக்கு ஒரு தபா போயி தங்கச்சியப் பாக்கணும். நான்தான் போயிருக்கணும், போவல” என்றார்.

“அடுத்த வாரம் வூட்டுக்குப் பூடுவோம்பா. அங்கேருந்து போவலாம்.”

“நான் போயி அத்தைய இங்கயே கூட்டிகினு வரட்டா?” என்றேன். நீ என்னை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனாய். “அது வந்து ஒப்பாரி வைக்கும். பேஜார் பண்ணாத. அடுத்த வாரம் பாத்துக்கலாம்” என்றாய்.

அடுத்த வாரம் இல்லை என்பது உனக்குத் தெரியும்.

அவர் இறந்த அன்று நர்ஸ் என் தோளைப் பிடித்துக்கொண்டு, “இனிமே வைத்தியம் இல்லன்னு டாக்டர் அப்பவே உங்க அண்ணன்கிட்ட சொல்லிட்டாரேம்மா, உங்களுக்குச் சொல்லலையா?” என்று கேட்டாள். பிறகு அகராதி வாங்கிப் பார்த்தேன். பேலியேட்டிவ்: குணமாக்க முடியாது, வலியை மட்டும் தணிப்பது. நீ பாதி அர்த்தம் சொல்லியிருந்தாய். மீதிப் பாதியில்தான் அப்பாவின் சாவு இருந்தது.

அத்தை சாவுக்கு வந்தாள். அழவில்லை. “கடைசி வரைக்கும் என்னக் கூப்பிடல இல்ல, அவ்ளோ வைராக்கியம்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். கேட்டாரே என்று நான் பின்னாலேயே ஓடினேன். “சமாதானத்துக்குச் சொல்லாதடி” என்றாள்.

அதன் பிறகு நான் வெறியோடு ஆங்கிலம் படித்தேன். கடைக்கு வரும் வெளியூர்க்காரர்களுக்காக என்று எல்லோரிடமும் சொன்னேன். உண்மையில் உனக்காக. இனி ஒருவன் என் எதிரில் நின்று அர்த்தத்தை மாற்றிச் சொல்லக் கூடாது என்பதற்காக.

பிறகு உனக்கு ஈரலில் புற்று வந்தது. டாக்டர் என்னிடமும் அண்ணியிடமும் பேசினார். அதே சொல். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டாள். “சொல்லாத, பயந்துருவாரு” என்றாள். நான் உள்ளே வந்தேன்.

“டாக்டர் இன்னா சொன்னாரு?” என்றாய்.

“இனிமே வைத்தியம் இல்லண்ணா. வலி இல்லாம பாத்துக்குவாங்க. யாரயாவது பாக்கணும்னா இப்பவே சொல்லு.”

“எந்த வார்த்த சொன்னாரு?” என்று கேட்டாய்.

“எந்த வார்த்தையா இருந்தா இன்னா? அர்த்தம் அதான்.”

உன் மகன் புனேயிலிருந்து வந்தான். வக்கீல்கள் வந்தார்கள். கூட டைப் அடித்தவர்கள் வந்து கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னாய், கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டாய். அப்பாவுக்கு வரவேண்டிய நாட்கள் அவை. கேட்டே விட்டேன், ஏன் அவரிடம் சொல்லவில்லை என்று.

“அவரு தாங்கியிருக்க மாட்டாரு.”

“நீ தாங்கறியே.”

நீ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய்.

அதோடு விட்டிருந்தால் ஒருவேளை நானும் விட்டிருப்பேன். அத்தை உன்னைப் பார்க்க வந்தாள். உன் தலைமாட்டில் நின்று நான் சொன்னேன், “அப்பா கடைசில அத்தையப் பாக்கணும்னு சொன்னாரு இல்ல? நீ சொல்லுண்ணா.” அத்தை உன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஆமாம் என்று ஒரு சொல் போதும்.

“அப்பா மயக்கத்துலதான் இருந்தாரு அத்த. யாரையும் கேக்கல” என்றாய்.

எதற்காக? நீ மறைத்தது வெளியே தெரிந்துவிடும் என்றா? சாகப்போகிறவனுக்கு என்ன ரெபுடேஷன்? அத்தையைப் பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுபோய் விட்டேன். பஸ் ஏறும்போது, “படிச்ச புள்ள. சாவப்போற நேரத்துல பொய் சொல்லுவானா?” என்றாள்.

நான் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் முள்ளிப்பட்டுக்குப் போகிறேன். போகும்போதெல்லாம் சொல்கிறேன். “சாப்புடு, அந்தப் பேச்சு வாணாம்” என்பாள். சாப்பிட்டுவிட்டு வருவேன். போன வாரம் சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். குழம்பை ஊற்றிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

“அவரு இன்னா சொன்னாரு? நீயா சேக்காத. அவரு சொன்னது மட்டும் சொல்லு.”

சொன்னேன். “முள்ளிப்பட்டுக்கு ஒரு தபா போயி தங்கச்சியப் பாக்கணும். நான்தான் போயிருக்கணும், போவல.”

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். “நான்தான் போயிருக்கணும்னா சொன்னாரு?”

“ஆமாத்த.”

“இன்னொரு தபா சொல்லு.”

மறுபடி சொன்னேன். நம்பினாளா என்று எனக்குத் தெரியாது. முகத்தைத் துடைத்துக்கொண்டு மோர் எடுக்க உள்ளே போய்விட்டாள்.

உன்னை நான் மன்னிக்கவில்லை, அண்ணா. நீ இல்லை என்பதால் அது குறையவும் இல்லை. ஆனால் அப்பா சொன்ன அந்த இரண்டு வரி இன்னும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. ஒரு எழுத்துகூட மாறவில்லை. இந்த ஞாயிறும் போவேன். அவள் எத்தனை தடவை கேட்டாலும் சொல்வேன்.