எல்லாத்தையும் எழுது

இன்று காலை செம்பூர் ஸ்டேஷனில் ஒலிபெருக்கி கரகரத்தது. வண்டி வருமா, எந்த பிளாட்பாரத்தில் வரும் என்று ஒன்றும் விளங்கவில்லை. மழைச் சத்தம் வேறு. நின்றிருந்தவர்கள் எல்லாரும் பக்கத்தில் இருப்பவர்களைப் பார்த்து, என்ன சொன்னார்கள் என்று ஹிந்தியில், "க்யா போலா? க்யா போலா?" எனக் கேட்டுக்கொண்டார்கள். ஒருவர் கண் இன்னொருவர் உதட்டின் மேலேயே இருந்தது. அந்தப் பார்வையை நான் முதலில் கண்டது உன் முகத்தில்தான். வண்டி வந்தும் நான் ஏறவில்லை. அடுத்த வண்டிக்கு நின்றேன்.

நாம் இரண்டு பேரும் அலுவலகத் தொழில்நுட்பம் படிக்கச் சேர்ந்தபோது அந்த வகுப்பில் தமிழ் பேசுகிறவர்கள் வேறு யாரும் இல்லை. நான் தாராவி, நீ ஆண்டாப் ஹில். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை, உங்கள் வீட்டில் செவ்வாய்க்கிழமை அம்மன் கோவில். மற்றபடி இரண்டு வீட்டுக்கும் பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம்தான், பேச்சும் ஒன்றுதான். உன் அப்பா லேத் பட்டறையில் வேலை பார்த்தார். மகள் கோர்ட்டில் நீதிபதிக்குக் கீழே மெஷினோடு உட்கார்ந்து, பேசுவதையெல்லாம் பதிவு செய்கிற வேலைக்குப் போக வேண்டும் என்பது அவருடைய ஆசை.

அந்தச் சுருக்கெழுத்து மெஷினை முதலில் பார்த்தபோது நீ பயந்தாய். சாவிகள் கொஞ்சம்தான், அவற்றின்மேல் எழுத்து எதுவும் கிடையாது. ஹார்மோனியத்தில் அழுத்துவதுபோல நாலைந்து விரலைச் சேர்த்து அழுத்தினால் ஓர் அசை விழும். காதில் விழுகிற ஒலியைக் கை அப்படியே பிடிக்க வேண்டும். கம்ப்யூட்டர் அதைச் சொல்லாக்கித் திரையில் காட்டும். சில மாதங்களிலேயே வகுப்பில் எல்லாரையும்விட வேகமாக எழுதியது நீதான். பாடம் நடத்தும் மேடம் வாசிக்க வாசிக்க, அவர் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் எழுதுவாய். உன் கவனத்தைப் பார்த்து நான் பொறாமைப்பட்டேன்.

ஒருநாள் மேடம் வாசித்துக்கொண்டே ஜன்னல் பக்கம் திரும்பினார். உன் விரல்கள் நின்றுவிட்டன. அவர் இந்தப் பக்கம் திரும்பியதும் மறுபடி ஓடின. அதற்குப் பிறகு நான் உன்னையே கவனித்தேன். மாட்டுங்காவில் பூக்கடைகளைத் தாண்டி நீ முன்னால் நடந்துகொண்டிருந்தபோது பின்னாலிருந்து கூப்பிட்டேன். கடைக்காரர்கள் எல்லாரும் திரும்பினார்கள், நீ திரும்பவில்லை. ஓடிவந்து உன் கையைப் பிடித்தேன். நான் எதுவும் கேட்பதற்கு முன்பே நீ சொல்லிவிட்டாய்.

"வலது காது எப்பவோ போயிட்டு. இப்ப இதுவும் போவுது. வீட்ல சொல்லிராத, படிப்ப நிறுத்திருவாவ."

நான் சொல்லவில்லை. ஆனால் வேகத் தேர்வில் மேடம் வாசிக்கவில்லை. பதிவு செய்த குரலை ஹெட்போனில் கேட்டு எழுதச் சொன்னார்கள். அதில் வாசிக்க உதடு ஏது? நீ ஹெட்போனைக் கழற்றி மெதுவாக மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்து வெளியே போனாய். காது நரம்பு பட்டுக்கொண்டே வருகிறது, கருவி வைத்தாலும் பெரிய பலன் இருக்காது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். வீட்டில் நீ பயந்ததுபோலவே பேச்சு எழுந்தது. ஒரு வாரம் நீ வரவில்லை. இனி வரமாட்டாய் என்றுதான் நினைத்தேன்.

வந்தாய். மெஷின் பாடத்தை விட்டுவிட்டு மற்றப் பாடங்களை முடிக்கப்போவதாகச் சொன்னாய். மேடத்திடம் பேசி, மெஷினை எல்லா வகுப்புக்கும் எடுத்துச்செல்ல அனுமதியும் நீயே வாங்கியிருந்தாய். என்னைப் பக்கத்தில் உட்கார்த்தி வைத்து, "நீ எழுது, நான் வாசிக்கேன்" என்றாய்.

முதலில் பாடத்தை மட்டும்தான் எழுதினேன். ஒருநாள் தாமதமாக வந்த பெண்ணுக்கும் புரொபசருக்கும் வாசலில் பெரிய வாக்குவாதம். நீ அவர்களைப் பார்த்தாய், திரையைப் பார்த்தாய். திரையில் ஒன்றும் இல்லை. என்ன சண்டை என்று கேட்டாய். ஒன்றுமில்லை என்று கையசைத்தேன். நீ லேப்டாப்பை மூடிவிட்டாய்.

"எது வேணும் எது வேண்டாம்னு நான் பாத்துக்கிடுதேன். நீ எல்லாத்தையும் எழுது."

அதிலிருந்து எல்லாவற்றையும் எழுதினேன். புரொபசரின் இருமல், வெளியே பேல்பூரிக்காரர் கூவுவது, பின் பெஞ்சுப் பெண்கள் உன் புது உடுப்பைப் பற்றி முணுமுணுத்தது. அந்த முணுமுணுப்பை நீ வாசித்துவிட்டுத் திரும்பி ஹிந்தியில் பதில் சொன்னபோது அவர்கள் நோட்டுக்குள் தலையைக் குனிந்துகொண்டார்கள். மெஷினுக்கு ஆங்கிலம் மட்டும்தான் தெரியும். ஹிந்திச் சொற்களையும் நம் வீட்டுச் சொற்களையும் ஆங்கில எழுத்தில் ஒவ்வொன்றாக அதற்குச் சொல்லிக்கொடுத்தோம். முதலில் ஏற்றிய சொல் 'ஏட்டி'. நீ என்னைக் கூப்பிடுவது அப்படித்தானே.

இருவரும் தேறினோம். உனக்கு நெருளில் ஓர் அலுவலகத்தில் வேலை. எனக்கோ உனக்காகச் செய்து பழகியதே வேலையாகிவிட்டது. தேவ்நார் பக்கத்தில் ஒரு கல்லூரியில், காது கேட்காத பிள்ளைகளுக்காக வகுப்பில் பேசுவதை உடனுக்குடன் திரையில் எழுதுகிறேன். விடுமுறையில் நாம் காபி குடிக்கப் போனாலும் மெஷின் கூடவே வரும்.

போன மழைக்காலத்தில் உனக்கு வயிற்றுவலி வந்தது. கண்டுபிடிப்பதற்குள் நோய் முற்றிவிட்டது. அப்பா போன பிறகு உனக்கு எல்லாமாக இருந்த அண்ணன் கட்டிலருகே நின்றிருந்தார். டாக்டர் ஹிந்தியில் பேசப் பேச நான் எழுதிக்கொண்டிருந்தேன். கட்டி ஈரல் முழுக்கப் பரவிவிட்டது, இனி மருந்தால் பயனில்லை, வீட்டுக்கு அழைத்துப்போங்கள் என்று அவர் சொல்லத் தொடங்கியதும் அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இத எழுதாத தங்கச்சி. அவளுக்குத் தெரிய வேண்டாம்."

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நீ டாக்டரையும் பார்க்கவில்லை, அண்ணனையும் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாய். நான் அவர் கையை மெல்ல விலக்கிவிட்டு எழுதினேன். டாக்டர் சொன்னது முழுவதையும் எழுதினேன். அதற்குக் கீழே அண்ணன் சொன்னதையும் எழுதினேன்.

கடைசி வரிவரை வாசித்தாய். பிறகு அண்ணனிடம் கையை நீட்டி, "என்ன வீட்டுக்குக் கூட்டிட்டுப் போண்ணே" என்றாய். அவர் வராந்தாவுக்குப் போய்விட்டார். பல நாள் என்னோடு முகம்கொடுத்துப் பேசவில்லை.

ஆனால் வீட்டில் இருந்த அந்தச் சில வாரங்களில் நீ அவரோடு ஓயாமல் பேசினாய். அவருக்குப் பிடிக்காமல் முறிந்துபோன உன் கல்யாணப் பேச்சைக்கூட இருவரும் பேசித் தீர்த்துக்கொண்டீர்கள். வேலை முடிந்து வரும்போதெல்லாம் நான் மெஷினை விரித்தேன். ஒரு சாயங்காலம் நீ வேண்டாம் என்று தலையசைத்தாய். "எழுத வேண்டாம். சும்மா உக்காரு." உன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வீட்டில் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். உன் பக்கத்தில் இருந்தும் எதையும் எழுதாமல் இருந்தது அன்றுதான்.

நீ போன பிறகு அண்ணன் என் வீட்டுக்கு வந்தார். தண்ணீர் வாங்கிக் குடித்தார். "நீ அன்னைக்கு எழுதலன்னா நாங்க பேசாமலே இருந்திருப்போம்" என்றார்.

இதைத் தமிழில் எழுதுகிறேன். உனக்கு இந்த எழுத்து வாசிக்க வராது. நான்தான் வாசித்துக் காட்ட வேண்டியிருக்கும், அதையும் மெஷினில், ஆங்கில எழுத்தில்தான்.

உன் சிரிப்பைப் பற்றி இன்னும் சொல்லவில்லையே. ஒருவர் பேசி, நான் எழுதி, அது திரைக்கு வந்து நீ வாசிக்கச் சற்று நேரம் ஆகும். எல்லாரும் சிரித்து ஓய்ந்த பிறகு உன் சிரிப்பு தனியாக வரும். தெரிந்தவர்கள் அதற்காகக் காத்திருந்துவிட்டுத்தான் மேலே பேசுவார்கள். இப்போதும் கல்யாண வீட்டில் யாராவது வேடிக்கை சொல்லி எல்லாரும் சிரித்து முடித்து அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறார்கள். நான் போவதில்லை. இன்னொரு சிரிப்பு வர வேண்டியிருக்கிறது என்று அங்கேயே நின்றுவிடுகிறேன்.