ஐசம் ட்ராமல் சாலை

பெல்லமி, டார்லன் மாவட்டம், ஜார்ஜியா
11 பிப்ரவரி 1992

மதிப்புக்குரிய மிஸ் இமோஜீன்,

நலம். உங்கள் நலமும், உங்கள் அண்ணன் ராய்ஸ் அவர்களின் நலமும் அறிய ஆவல்.

ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வுபெற்று, கிளீவ்லாந்தை விட்டு ஊர் திரும்பியிருக்கிறேன். நூலகத்தில் நீங்கள் எழுதிய மாவட்ட வரலாறு கிடைத்தது. அதில் ஒரு வரி: ‘நீதிமன்றத்துக்குச் செங்கல் தந்த சூளைக்காரர் பின்னாளில் வடக்கே போய்விட்டார்.’

அந்தச் சூளைக்காரர் என் அப்பா. பெயர் ஐசம் ட்ராமல். உங்கள் வீடும் அவர் சுட்ட செங்கல்தான்.

வடக்கே போனது நாங்கள். அம்மா, அண்ணன், நான். 1931இல், உடுத்திய துணியோடு. அப்பா வரவில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு, உங்கள் வீட்டுக்குப் போகும் சாலையில், ஓடைப் பாலத்தில் வெள்ளைக்காரர்கள் அவரைத் தூக்கில் போட்டார்கள். உங்கள் அப்பா அங்கே நின்றார். பதினேழு வயது ராய்ஸும் நின்றார். பிறகு சூளை நிலம் உங்களுடையதாயிற்று.

இரண்டாம் பதிப்பு வருவதாகக் கேள்வி. அவர் பெயரும், நடந்ததும் அதில் வர வேண்டும். ஒரு பத்தி போதும்.

பணிவுடன்,
வெர்டெல் கேட்ஸ் (ட்ராமல்)


ஹார்வெல் இல்லம், பெல்லமி
20 பிப்ரவரி 1992

அன்புள்ள வெர்டெல்,

உன் கடிதம் கண்டு மகிழ்ச்சி. உன்னைக் கடைசியாகப் பார்த்தபோது உனக்கு முன்பல் இல்லை. உன் அம்மா எங்கள் சமையலறையில் சுட்ட சோள ரொட்டியைப் பற்றி அண்ணன் இன்னும் பேசுவார்.

நீ கேட்பது எனக்குப் புரிகிறது. ஆனால் வழக்கு இல்லை, விசாரணை இல்லை. இல்லாததை வரலாறு என்று எப்படி எழுதுவது? இந்தப் புத்தகத்தைப் பள்ளிப் பிள்ளைகள் படிக்கிறார்கள். உன் கடிதத்தை அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். “அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கு, இமோ? அந்தப் பொண்ணுக்கு ஒரு பை பீக்கான் கொட்டை அனுப்பி வை” என்றார். அனுப்பியிருக்கிறேன். நம் மரத்தினுடையது. இந்த வருடம் நல்ல காய்ப்பு.

இங்கே ஒரே தொல்லை. ஆம்புலன்ஸ் வழி தவறாமல் வர வேண்டுமாம், கிராமத்துச் சாலைகளுக்கெல்லாம் பெயர் வைக்கக் கூட்டம் போடுகிறார்கள். எங்கள் சாலையில் இருப்பது எங்கள் ஒரு வீடு. அதற்கு என்ன பெயர் வரும் என்று கேட்கவும் வேண்டுமா? நான் போகப்போவதில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
இமோஜீன் ஹார்வெல்


பெல்லமி
6 மே 1992

மதிப்புக்குரிய மிஸ் இமோஜீன்,

பீக்கான் கிடைத்தது. அணில்களுக்குப் போட்டேன்.

உங்கள் சாலையில் நடந்து பார்த்தேன். நீங்கள் சொன்ன ஒரு வீடு கடைசியில் இருக்கிறது. அதற்கு முன்னால், இருபுறமும், சக்கரம் வைத்த டிரெய்லர் வீடுகள். ராய்ஸ் அவர்களே வாடகைக்கு விட்ட மண். துணி காய்கிறது. அடுப்பு எரிகிறது. மாவட்ட அலுவலகத்தில் விசாரித்தேன். அடுப்பு இருந்தால் அது வீடு. வீட்டுக்கு ஒரு கையெழுத்து. பாதிக்கு மேல் வீடுகள் கேட்கிற பெயர்தான் சாலைக்கு.

முதல் டிரெய்லரில் ஆர்லீன். கோழிப் பண்ணையில் வேலை. “ரோட்டுக்குப் பேரா? குழி ரோடுன்னு வையுங்க டீச்சர். பொருத்தமா இருக்கும்” என்று சிரித்தாள். பாலத்தில் நடந்ததைச் சொன்னேன். சிரிப்பு நின்றது. “பேனாவைக் குடுங்க” என்றாள்.

அடுத்ததில் ஒரு வெள்ளைக்காரர், லாரி ஓட்டுபவர். “ராய்ஸ் கெழவன் என் தண்ணிக் குழாயைச் சரிபண்ணித் தரவே இல்ல. நீங்க பேய் பேரு வெச்சாலும் போடுறேன்.”

“பேய் இல்லப்பா. எங்க அப்பா.”

“அப்ப என் பொண்டாட்டியையும் போடச் சொல்றேன்.”

“வீட்டுக்கு ஒண்ணுதான்.”

“சே” என்றார். நிஜமாகவே வருத்தப்பட்டார்.

நேற்றுக் கூட்டம் நடந்தது. தலைவர் ஒருமுறை சுற்றிப் பார்த்தார். “ஹார்வெல் வீட்டுலேர்ந்து யாரும் வரலையா?” அப்பாவின் பெயர் முடிவானது என்று அவர் சுத்தியலைத் தட்டினார்.

பச்சைப் பலகையைப் பாலத்தின் பக்கத்தில் நடுவார்கள். இடத்தை நான்தான் கேட்டு வாங்கினேன்.

பணிவுடன்,
வெர்டெல் கேட்ஸ்


ஹார்வெல் இல்லம், பெல்லமி
2 ஜூலை 1992

அன்புள்ள வெர்டெல்,

நீ இப்படிச் செய்வாய் என்று நான் நினைக்கவில்லை.

அண்ணன் பாலத்துப் பக்கத்து ஜன்னல் திரையை மூடச் சொல்லிவிட்டார். தபாலை நான்தான் பிரிக்கிறேன். விதை விற்கிறவன்கூட அந்தப் பெயரில்தான் அனுப்புகிறான். தேவாலயத்தில் என்னைப் பார்த்ததும் பேச்சை மாற்றுகிறார்கள்.

ஒரு ஏற்பாடு சொல்கிறேன். இரண்டாம் பதிப்பில் ஒரு பத்தி அல்ல, ஒரு முழுப் பக்கம். பெயரோடு. நடந்ததோடு. அன்று நான் மாடி ஜன்னலில் இருந்தேன், வெர்டெல். எனக்கு ஒன்பது வயது. நான் பார்த்ததை என் பெயரில் எழுதுகிறேன். இதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. பதிலுக்கு, நீ அந்தக் குடும்பங்களிடம் பேசிப் பெயரை மாற்ற வேண்டும். வேறு எந்தப் பெயரானாலும் சரி. எங்கள் பெயர்கூட வேண்டாம். ஓடை பெயர், மரம் பெயர்.

நீ கேட்டது இதுதானே?

அன்புடன்,
இமோஜீன்


பெல்லமி
9 ஜூலை 1992

மதிப்புக்குரிய மிஸ் இமோஜீன்,

ஒரு வாரம் யோசித்தேன். அதை மறைக்கவில்லை. பார்த்தவர் எழுதுகிறேன் என்கிறார். என் அம்மா அதைக் கேட்காமலே செத்தாள்.

பிப்ரவரியில் நான் கேட்டபோது நீங்கள் தந்திருந்தால் நன்றி சொல்லி வாங்கியிருப்பேன். பீக்கானையும் தின்றிருப்பேன்.

இப்போது வேண்டாம். புத்தகத்தை மூடி அலமாரியில் வைத்துவிடலாம். சாலையை மூட முடியாது. கடைக்குப் போக, தேவாலயத்துக்குப் போக, ராய்ஸ் அந்தப் பாலத்தைத் தாண்டியாக வேண்டும்.

உங்கள் வீட்டுக்கு எண் தந்திருப்பார்களே. ஆம்புலன்ஸ் கூப்பிட்டால் இனி எண்ணும் சாலைப் பெயரும் சொன்னால்தான் வருமாம். இருவருக்கும் வயதாகிறது. பழகிவையுங்கள்.

வெர்டெல் கேட்ஸ்


640, ஐசம் ட்ராமல் சாலை, பெல்லமி
27 ஜனவரி 1993

வெர்டெல்,

அண்ணன் போய்விட்டார். பத்திரிகையில் பார்த்திருப்பாய்.

காலை காபிக்கு வந்தவர் அடுப்புக்கு முன்னால் விழுந்தார். வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. போன் செய்தேன். ஒரு சின்னப் பெண். இந்த ஊர்க்காரி இல்லை.

“எந்த ரோடு, மேடம்?”

“ஹார்வெல் வீடு. எல்லாருக்கும் தெரியும்.”

“எனக்குத் தெரியலையே, மேடம். ரோட்டுப் பேரு சொல்லுங்க.”

“பாலம் தாண்டி, பெரிய செங்கல் வீடு. நீதிமன்றத்துல யாரையாவது கேளு.”

“மேடம், பேரு சொன்னாத்தான் வண்டிய அனுப்ப முடியும்.”

நான் சும்மா நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. பிறகு சொன்னேன். “கேக்கல, சத்தமா சொல்லுங்க” என்றாள். கத்தினேன்.

அந்தப் பெயர் எங்கள் வீட்டுக்குள் அதுவரை ஒலித்ததே இல்லை. அண்ணன் என்னைப் பார்த்தார். அவர் பயந்து நான் பார்த்ததில்லை. அந்தப் பார்வையோடு போய்விட்டார். வண்டி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. சீக்கிரம் சொல்லியிருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொல்லவில்லை. நான்தான் சொல்லிக்கொள்கிறேன்.

ஊரே சமைத்துக் கொண்டுவந்தது. மேசையில் இடமில்லை. உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. ஏன் எதிர்பார்த்தேன் என்று தெரியவில்லை.

அந்தப் பக்கத்தை எழுதிவிட்டேன். நிபந்தனை எதுவும் இல்லை. பலகை இருக்கட்டும். பக்கத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். நீ டீச்சர். பிழை இருந்தால் திருத்து.

போதுமா, வெர்டெல்?

இமோஜீன்


பெல்லமி
3 பிப்ரவரி 1993

மிஸ் இமோஜீன்,

உங்கள் கடிதத்தை நின்றபடியே படித்தேன். பிறகு உட்கார்ந்து இன்னொரு முறை படித்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கப்படுவேன் என்று காத்திருந்தேன். வரவில்லை.

கேக் சுட மாவு எடுத்து வைத்தது உண்மை. எங்கள் வழக்கமும் அதுதான், சாவு வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாது. ஆனால் எங்கள் வீட்டில் சாவு விழுந்த அன்று சாப்பாடு கொண்டுவர யாருக்கும் தைரியம் வரவில்லை. மாவைத் திரும்பக் கொட்டிவிட்டேன்.

பக்கத்தைப் படித்தேன். நன்றாக எழுதியிருக்கிறீர்கள். என் அப்பாவின் தொப்பி ஓடையில் மிதந்தது எனக்குத் தெரியாது. அதற்கு நன்றி. அதை மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

ஒரே ஒரு பிழை. ‘சில ஆண்கள் அவரைப் பாலத்துக்கு இழுத்துச் சென்றனர்’ என்று இருக்கிறது. சிவப்பு மையால் கோடு போட்டிருக்கிறேன். ஜன்னலில் இருந்தவருக்குச் சில ஆண்கள் தெரிந்திருக்க மாட்டார்கள். உங்கள் அப்பாவும் அண்ணனும்தான் தெரிந்திருப்பார்கள்.

பக்கத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த இரண்டு பெயர்களையும் எழுதிவிட்டுக் கேளுங்கள்.

வெர்டெல் ட்ராமல்