நான்காம் குடுவையின் தடுப்புத் திரை

யூட்டா, ஜனவரி 8, 1990, திங்கள்

மறக்கக் கூடாதவை:

1. நவம்பர் 14 — மூடிய குடுவைகளில் வாயு தேங்குகிறது, வெடிக்கலாம், தடித்த தடுப்புத் திரை வேண்டும் என்று, ஆய்வுக்கூடப் பாதுகாப்புப் பொறுப்பாளன் என்ற முறையில், இயக்குநர் தெய்னுக்கு எழுதினேன். பதில் இல்லை.
2. டிசம்பர் 6 — திரை வந்தது. பார்வையிட வருவோருக்குக் குடுவை தெரியவில்லை என்று கிடங்குக்குப் போனது.
3. டிசம்பர் 19 — வாயு எச்சரிக்கை மணி ஒரு செனட்டர் முன்னால் அலறியது. மறுநாள் அதன் கம்பி துண்டிக்கப்பட்டிருந்தது.

கண்ணாடிக் குடுவைக்குள் அணுக்கருக்களை இணைத்து வெப்பம் எடுப்பதாவது என்று உலகம் சிரிக்கிறது. நிதி தருவது மாநிலச் சட்டமன்றம் மட்டுமே. அதன் குழு பதினெட்டாம் தேதி மறுபடியும் பார்வையிட வருகிறது.

குடுவைகளை அன்றாடம் குனிந்து பார்ப்பவர் ஆய்வுக்கூடப் பணியாளர் நெட்ரா. "என் மகனோட ஃபுட்பால் ஹெல்மெட் சும்மாதான் கெடக்கு, பிரதர். மாட்டிக்கிட்டு வரட்டுமா?" என்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜனவரி 14, ஞாயிறு

தெய்ன்தான் எங்கள் சபையின் பிஷப்பும். பிப்ரவரியில் எங்கள் ஆலயத்துக்குள் மகள் ஜெனீலின் திருமணம். ஆலய அனுமதிச் சீட்டில் அவர் கையெழுத்து இல்லையென்றால், பெற்ற தகப்பனும் வெளியேதான் நிற்க வேண்டும்.

சபை அறையில், சீட்டுக்கான நேர்காணலில் வழக்கமான கேள்வி: "எல்லார்கிட்டயும் நேர்மையா நடந்துக்கிறீங்களா, பிரதர் ஆர்டெல்?"

"நடந்துக்கிறேன், பிஷப்."

எழுதப்போன பேனாவை மூடினார். "செவ்வாய்க்கிழமை பாதுகாப்புச் சான்று ஒண்ணு உங்க மேசைக்கு வரும். திரை, மணின்னு பழசையெல்லாம் கிளறாதீங்க. நம்ம ஆளுங்களே நம்மள நம்பலேன்னா வேற எவன் நம்புவான்? சீட்டைப் புதன்கிழமை வந்து வாங்கிக்குங்க."

இது மிரட்டலா? வேறென்ன?

ஜனவரி 16

கையெழுத்திட்டேன்.

ஜனவரி 17

சீட்டு கிடைத்தது. நெட்ராவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஜனவரி 18, வியாழன்

சட்டமன்றக் குழு வர ஒரு மணி நேரம் இருந்தது. நெட்ரா குடுவைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார் — பளபளன்னு இருக்கணும்னு சொன்னாங்களே, அதுக்காகத்தானே — நான்காவது வெடித்தது. கண்ணாடி முழுக்க அவர் முகத்தில். இடது கண் போய்விட்டது.

ஜனவரி 22, திங்கள்

இன்று இயக்குநருக்கு அனுப்பிய கடிதத்தின் நகல்:

'பணியாளரின் கவனக்குறைவு' என்று செய்திக்குறிப்பு வெளியிட்டிருக்கிறீர்கள். என் பட்டியலை இணைத்துள்ளேன். சட்டமன்றக் குழுவுக்கும் ஒரு நகல் போகிறது. அதில் நான்காவதைச் சேர்த்திருக்கிறேன்: ஜனவரி 16 — ஆபத்து தெரிந்தும் ஆர்டெல் கையெழுத்திட்டான்.

உங்கள் கேள்விக்கு நான் சொன்ன பதில் பொய்யாகிவிட்டது. ஆகவே ஆலயச் சீட்டையும் திருப்பி அனுப்புகிறேன். மகளிடம் சொல்லிவிட்டேன்.

திரையை அகற்றச் சொன்னது யார்? வெள்ளிக்கிழமை, 26ஆம் தேதி, மாலை ஐந்து மணிக்குள் பதில் எழுத்தில் வர வேண்டும். சபை அறைக்கு என்னை அழைக்க வேண்டாம்.