காணிக்கை டப்பாவில் கொட்டிய அரிசி

மைனி,

காய்ச்சல் மருந்தின் மூடியைத் திறந்ததும் அந்த இனிப்பு வாசனை முகத்தில் அடித்தது. மத்தியானம் அங்கன்வாடியிலிருந்து கூப்பிட்டார்கள், ஜோபினுக்கு உடம்பு சுடுகிறது என்று. கூட்டிக்கொண்டு வந்து மருந்து கொடுத்திருக்கிறேன். நூற்றொன்று. பத்து நிமிடத்திற்கு ஒருமுறை தெர்மாமீட்டர் வைக்கிறேன். இந்தக் கடிதத்தை நீங்கள் போன உடனே எழுதியிருக்க வேண்டும். ஒரு வருடம் பிந்திவிட்டது. இன்று கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

இரண்டு வருடத்துக்கு முன்பும் இப்படித்தான் காய்ச்சல் ஏறியது. கண் மேலே போய், கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தது. படித்தவள் நான், அவனைச் சரித்துப் படுக்க வைக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. வாய்க்குள் கரண்டியைச் செருகப் போனேன். ஓட்டோவில் நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்குப் போகிற வழி முழுவதும் அவன் பெயரை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஐசியூவில் சேர்த்தார்கள். உதியன்குளங்கரையில் அண்ணன் வீட்டிலிருந்து நீங்கள் வந்தபோது உங்கள் சேலையில் மாவு ஒட்டியிருந்தது. மாற்றுத்துணி எடுக்க ஜோபினின் அப்பா என்னை வீட்டுக்கு அனுப்பினார். நீங்களும் கூட வந்தீர்கள்.

அமரவிளை வீட்டில் நீங்கள் கொல்லையில் கால் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் நான் அதைச் செய்தேன். உலை வைக்கும்போதெல்லாம் ஜெபித்து ஒரு பிடி எடுத்துப் போட்டு, ஞாயிறன்று சபைக்குக் கொண்டுபோகிற பிடியரிசி டப்பா. வீட்டில் இருந்த அரிசி முழுவதையும் பக்கெட்டோடு தூக்கி அதில் கவிழ்த்தேன். டப்பா நிறைந்து தரையெல்லாம் சிதறியது. நான் நிறுத்தவில்லை.

"எடி, என்ன செய்யுதே?"

"எல்லாத்தையும் அவரு எடுக்கட்டு மைனி. பிள்ளைய மட்டும் தரட்டு."

திட்டப் போகிறீர்கள் என்று நினைத்தேன். சிரித்துவிட்டீர்கள். "அவரு என்ன ரேஷன் கடையாக்கும் நடத்துதாரு, அரிசிய வாங்கிட்டுப் பிள்ளைய குடுக்கதுக்கு?"

எனக்குக் கோபம் வந்தது. என் பிள்ளை அங்கே கிடக்கிறான், உங்களுக்குச் சிரிப்பா என்று கேட்டுவிட்டேன். நீங்கள் அந்த டப்பாவிலிருந்தே இரண்டு பிடி அள்ளிக் கழுவி அடுப்பில் வைத்தீர்கள்.

"மைனி, அது காணிக்கை அரிசி."

"காலையிலேருந்து நீ பச்சத்தண்ணி குடிச்சியா? பசிச்சவளுக்குக் குடுத்தா அவரு கோவிக்க மாட்டாரு. கோவிச்சா நான் சொல்லிக்கிடுதேன்."

கஞ்சி வெந்ததும் உப்பு மாங்காயோடு முன்னால் வைத்து, கண்ணை மூடாமலே ஜெபித்தீர்கள். "கர்த்தாவே, இவளுக்குப் பயமா உண்டு. எனக்கும் உண்டு. கூட இரியும். ஆமென்."

அவ்வளவுதான். பிள்ளை பிழைப்பான் என்று நீங்கள் சொல்லவில்லை. விசுவாசமுள்ளவர்கள் பயப்படக் கூடாது என்றுதான் பிரசங்கத்தில் கேட்டு வளர்ந்தேன். சபையில் முதல் பெஞ்சில் உட்காருகிற நீங்கள் பயத்தை அப்படியே அவர் முன்னால் வைத்துவிட்டுக் கஞ்சியை ஊதிக் குடித்தீர்கள். அப்போதுதான் என் நெஞ்சுப் பாரம் கொஞ்சம் இறங்கியது. அதுவரை அந்தப் பயத்தோடு நான் மட்டும் நின்றுகொண்டிருந்தேன். அழுதுகொண்டே குடித்தேன். சாயங்காலம் அவன் கண் திறந்து பால் கேட்டான்.

அடுத்த வருடம் உங்களுக்கு நோய் வந்தது. உங்களுக்காகவும் கேட்டேன் மைனி, ஜோபினுக்காகக் கேட்டதைவிட அதிகமாகக் கேட்டேன். கடைசியாக உங்களைப் பார்க்க வந்தபோது அதை உங்களிடமே சொன்னேன்: "நான் கேட்டுக்கிட்டேதான் இருக்கேன். அவரு ஒண்ணும் செய்யல்ல."

"நீ நிறுத்தாதே மக்கா," என்றீர்கள். "நீ கேக்கியேன்னு நெனைக்கும்போ எனக்கு ராத்திரி உறக்கம் வருது."

எனக்கு அது போதவில்லை. இன்றும் போதவில்லை. உங்களை அடக்கம் செய்த பிறகு சில வாரம் சபைக்குப் போகவில்லை. பிறகு போனேன், கேள்வியோடுதான் போய் உட்கார்ந்தேன்.

ஐந்து ஆறு வயது வரை காய்ச்சலில் இழுப்பு வரலாம் என்று டாக்டர் சொன்னார். ஜோபினுக்கு நாலுதான் ஆகிறது. இப்போது நூற்றொன்றரை. சரித்துப் படுக்க வைத்திருக்கிறேன். அவன் அப்பா வேலையிலிருந்து கிளம்பிவிட்டார். தேவைப்பட்டால் வர ஓட்டோக்காரரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். வேறென்ன செய்ய?

சற்று முன் மறுபடி தெர்மாமீட்டரோடு போனபோது அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். "அம்மைக்குப் பயமா உண்டா?" என்று கேட்டான். எப்போதும் இல்லை என்றுதான் சொல்வேன். இன்று, "உண்டு மக்கா, கொஞ்சம் உண்டு," என்றேன். யேசப்பாட்டயும் சொல்லியிருக்கேன் என்றேன்.

சுடுகிற உடம்பை இழுத்துக்கொண்டு சுவரோரமாக நகர்ந்தான். "இங்க கெட," என்றான்.

அவன் விட்ட இடத்தில் படுத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.