மேடையில் நான் திருத்தாத சொல்

சனிக்கிழமை, புளியங்குளம்

இன்று சந்தையில் ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டார். போன மாதம் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்கு நான் பிரதம விருந்தினராகப் போனபோது எனக்கு மாலை போட்ட பிள்ளையின் தாய்.

“அக்கா, மகள் இனி ரெனிஸ் விளையாட்டுத்தான். ரியூசன் எல்லாத்தையும் நிப்பாட்டிப்போட்டன். உங்களைப்போல வந்தால் காணும். நான் செய்தது சரிதானே?”

எல்லாம் அந்த மேடையால் வந்தது. அறிவிப்பாளர் என்னை ‘ரெனிஸ் உலகச் சம்பியன்’ என்றார். பொன்னாடை போர்த்தினார்கள். மரியாதைக்குச் சொல்வதுதானே என்று நானும் சிரித்துக்கொண்டு நின்றேன். ஐரோப்பாவில் ஒன்பது வருடம் ரெனிஸையே தொழிலாக ஆடினேன். ஒரு வெற்றிக்கிண்ணம்கூட வாங்கியதில்லை. பதினைந்து வயதில் படிப்பை விட்டவள் நான். தோள் போய் ஆட்டம் முடிந்த பிறகு, எந்த விண்ணப்பத்திலும் ‘கல்வித் தகைமை’ என்ற இடத்தில் பேனை நின்றுவிடும்.

இதைத்தான் இன்று சந்தையில் அவருக்குச் சொல்ல வாயெடுத்தேன். “ஓம், கெட்டிக்காரப் பிள்ளை” என்றுதான் வந்தது. என்ன வாய் இது!

சற்று முன் போனுக்கு ஒரு படம் அனுப்பியிருக்கிறார். பிள்ளை பட்மின்ரன் மட்டையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். ரெனிஸ் மட்டை எப்படியிருக்கும் என்றுகூட அந்த வீட்டில் தெரியாது. பின்னால் கதிரையில் அவளுடைய பாடப் புத்தகங்கள், கயிற்றால் இறுகக் கட்டியபடி.

உடனே அழைத்தேன். படுக்கப் போயிருப்பார், போனை நிறுத்தி வைத்திருந்தார்.

பழைய புத்தகம், பேப்பர் எடுப்பவர் இங்கே ஞாயிற்றுக்கிழமைதான் வருவார். அவருக்கு முன் நான் போய்ச் சேர வேண்டும். போனால் முதலில் என்ன சொல்வது?

விடிந்தால் ஞாயிறு.